பேனல் லைனுக்குக் கறுப்பு வாஷ்: மிக்-21 மாடலை ஏன் இப்படிக் கெடுக்கறீங்க?

டெல்டா72: வேற குழுவில் ஒருத்தர் எழுதியிருக்கார்: "பேனல் லைனுக்குக் கறுப்பு வாஷ் கொடுக்காத ஜெட் மாடல் கடைப் பொம்மைதான்." கீழே வரிசையா ஆமாம் ஆமாம்னு பதில். படிச்சதிலிருந்து ஆறவே மாட்டேங்குது. தோல் தகடுகள் சேர்ற கோட்டில் தண்ணியா கரைச்ச கறுப்பு பெயின்ட்டை ஓட விடறதுதான் இந்த வாஷ். கணக்கைப் பாருங்க. நிஜத்தில் 72ல் ஒரு பங்கு அளவுள்ள 1/72 மாடல் கிட்டில் கோடு 0.2 மி.மீ. அகலம்னு வெச்சுக்கிட்டா, நிஜ விமானத்தில் அது 14 மி.மீ. ஒலியை விட ரெண்டு மடங்கு வேகத்தில் போற விமானத்தோட தோலில் சுண்டுவிரல் அகல இடுக்கா? அந்தப் பள்ளமே அதிகம். அதில் கறுப்பை வேற ஊத்தணுமாம்.

கோவை_ஹாக்: அந்த "ஒருத்தர்" நான்தான். முதுகுக்குப் பின்னால பேசாம அங்கேயே கேட்டிருக்கலாம். மிக்-21 பேனலைத் தரைப்படை ஆளுங்க தினம் திறந்து மூடினாங்க. ஓரத்தில் எண்ணெய் கசியும், அதில் தூசி ஒட்டும். பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிக்கற மிக்-21எஃப்எல் ரக விமானத்துப் பக்கத்தில் போய் நின்னு பாருங்க, கோடு தெரியுதா இல்லையான்னு.

டெல்டா72: முதல்ல, தரைப்படைன்னா ஆர்மி. நீங்க சொல்ல வந்தது தரைக்குழு. ரெண்டாவது, அருங்காட்சியகத்தில் வருஷக்கணக்கா நிக்கற விமானம் பறக்கற விமானத்துக்குச் சாட்சி ஆகாது. மூணாவது, பக்கத்தில் நின்னா தெரியும்தான். 1/72 மாடலை ஒரு அடி தூரத்தில் வெச்சுப் பார்த்தா, நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்னு பார்க்கற மாதிரி. அங்கேயிருந்து கறுப்புக் கட்டம் தெரியுமா? 14 மி.மீ.க்குப் பதில் சொல்லுங்க.

பசைக்குப்பி: ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்குங்க. உலோக நிற விமானத்துக்குக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போதும். முதல்ல பளபள வார்னிஷ் ஒரு பூச்சு. காஞ்சதும் கோட்டில் மட்டும் வாஷைத் தொட்டு விடுங்க, அதுவே ஓடிப் போய் உட்காரும். கொஞ்ச நேரம் விட்டு, காது குடையற பஞ்சுக்குச்சியால மூக்கிலிருந்து வாலை நோக்கிக் காத்து போற திசையில் துடைங்க. வார்னிஷ் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக்கில் எனாமல் வாஷை ஊத்தினா, தின்னர் உள்ளே இறங்கி ஒட்டின இடம் விரிசல் விடும். அதை மட்டும் கவனமா பார்த்துக்குங்க.

கோவை_ஹாக்: அண்ணே, உங்க முறை எனக்கும் தெரியும். பேச்சு அதைப் பத்தி இல்ல. பழைய ஹசேகாவா கம்பெனி கிட்டில் கோடெல்லாம் மேடா இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்ச்சு, அளவுகோல் மாதிரி கெட்டியான டைமோ லேபிள் டேப்பை ஒட்டி, ஊசியால ஒவ்வொரு கோடா கீறி எடுத்தவன் நான். வளைவில் ஊசி வழுக்கினா அந்தக் கோட்டைச் சூப்பர் க்ளூவால் அடைச்சு, திரும்பவும் தேய்ச்சு, திரும்பவும் கீறணும். அவ்வளவு உழைச்சுட்டு அதைத் தெரியாம மறைக்கச் சொல்றவர் கோடே கீறினதில்ல.

டெல்டா72: உழைச்சதைக் காட்டறதுக்காக விமானத்தைத் தப்பா காட்டலாமா? 0.2ஐ 72ஆல் பெருக்க உழைப்பு வேண்டாம்.

சுகோய்_ரசிகன்: இதுக்குத்தான் 1/48 கட்டுங்கன்னு சொல்றேன். எடுவார்ட் கம்பெனியோட மிக்-21ல ரிவெட் வரைக்கும் மெல்லிசா இருக்கு. 1/72ல மிக்-21 இறக்கை நுனிக்கு நுனி 10 செ.மீ. கூட வராது. அதில் என்னத்தைப் பார்க்கறது?

டெல்டா72: 1/48லயும் 0.2 மி.மீ. கோடுன்னா கிட்டத்தட்ட 10 மி.மீ. இடுக்கு. தம்பி, அலமாரி இடம் உங்க வீட்டில் இருக்கு, எங்க வீட்டில் இல்ல.

கோவை_ஹாக்: பேச்சை மாத்தறார் பாருங்க. என் மாடல் 1971 டிசம்பர், 28ஆம் ஸ்குவாட்ரன். டாக்கா கவர்னர் மாளிகை மேல 57 மி.மீ. ராக்கெட் அடிச்ச எஃப்எல். போர்க்கால விமானம் ஷோரூம் மாதிரியா இருக்கும்?

டெல்டா72: 71 போரைப் பத்திப் பேசறீங்களா, நல்லது. வெள்ளி நிறத்தில் இருந்த பல எஃப்எல் மேல அப்போ அவசர அவசரமா பச்சை பூசினாங்க. பூசின பெயின்ட் கோட்டை மூடும். உங்க மாடல் பளபள வெள்ளி, நடுவில் கறுப்புக் கட்டம். சரி, இன்னொண்ணு. படத்தில் உங்க கேனபி, அதாவது விமானி தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மூடி, பக்கவாட்டில் திறந்திருக்கே? எஃப்எல்லுக்கு முன்கண்ணாடியோட சேர்ந்து ஒரே துண்டு, கீல் முன்னால. பக்கவாட்டில் திறக்கறது அடுத்து வந்த பிஎஃப்எம் ரகம்.

கோவை_ஹாக்: கேனபியை எதுக்கு இழுக்கறீங்க? ஹண்டர் ஜெட் மாடல் கட்டி மூக்கில் ஈயம் வைக்க மறந்து, வால் தரையில் குத்தி நின்ன படத்தைப் போட்டவர் எனக்குப் பாடம் எடுக்கறார்.

டெல்டா72: அந்த ஹண்டர் என் பையன் கட்டினது, அப்பவே சொன்னேன். சின்னப் பையனை இழுக்கற அளவுக்கு வந்தாச்சு.

கோவை_ஹாக்: அப்போ "நாங்க கட்டினது"ன்னு எழுதியிருந்தீங்க.

பசைக்குப்பி: சாம்பல் வாஷை ஒரு தடவை பழைய இறக்கையில் அடிச்சுப் பார்த்துட்டு வந்து பேசுங்களேன்.

சுகோய்_ரசிகன்: பிஎஃப்எம் கேனபிதான் உங்க பெட்டியில் வந்ததா ஹாக்? எந்தக் கிட்னு சொல்லுங்க, நான் வாங்காம இருக்கேன்.

கோவை_ஹாக்: கிட்டில் ரெண்டு கேனபியும் இருந்துச்சு. காக்பிட் உள்ளே தெரியணும்னு திறந்து வெச்சேன். அவ்வளவு வேலை உள்ளே பண்ணியிருக்கேன்.

டெல்டா72: அதாவது தெரியணும்ங்கறதுக்காகத் தப்பான கண்ணாடி, தெரியணும்ங்கறதுக்காகக் கறுப்புக் கோடு. எஃப்எல் கேனபியையும் முன்பக்கமா திறந்தே வைக்கலாம், உள்ளே நல்லாவே தெரியும். 14 மி.மீ.க்கு இன்னும் பதில் வரல.

கோவை_ஹாக்: ஞாயிற்றுக்கிழமை வெயில்ல வெச்சுப் படம் எடுத்துப் போடறேன். நீங்களும் உங்களுதைப் போடுங்க. ஹண்டரையும் சேர்த்து.