ஆயா சொல்லும் சகுனத்துக்கு என் பெண் பயப்படுகிறாள், என்ன செய்யலாம்?

காட்பாடிக்காரி:
மகளுக்கு ஏழு வயது. நான் வேலைக்குப் போவதால் ஸ்கூல் விட்டதும் எங்கம்மா வீட்டில்தான் இருப்பாள். பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவாள், ஆயா என்றால் உயிர். சகுனம் பார்ப்பதும் அவரிடமிருந்தே ஒட்டிக்கொண்டது. கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் தலையில் பல்லி விழுந்துவிட்டது. ஆயா முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று ராத்திரி முழுக்க அழுகை.

இனி டியூஷனில் விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. கார்த்திகை கடை ஞாயிறன்று விரிஞ்சிபுரம் சிம்ம தீர்த்தத்தில் நடுராத்திரி முங்கி, ஈரப்புடவையோடு கோயிலில் படுத்த பிறகுதான் நான் பிறந்தேன் என்று அம்மா இன்றும் சொல்வார். அவரிடம் போய் எல்லாம் பொய் என்று எப்படிச் சொல்வது?

குடியாத்தத்தான்:
டியூஷன் வேண்டாங்க. எங்க ஆயாவும் இப்படித்தான். முச்சந்தி மண், உப்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் கையில் மூடி மூன்று சுற்று சுற்றி, துப்பச் சொல்லி அடுப்பில் போடும். "இன்னா நெடியே வர்ல பாரு, அவ்ளோ கண்ணு!" மாசி அமாவாசைக்கு அங்காளம்மன் மயானக் கொள்ளைத் திருவிழாவில் இறைக்கிற தின்பண்டத்தைப் பாலாற்றில் முண்டியடித்துப் பொறுக்கி வந்து என் வாயில் திணிக்கும், பயம் போகுமாம். போகவும் செய்தது! அது ஒரு பயத்தைச் சொன்னால் கூடவே பரிகாரமும் சொல்லிவிடும். உங்கம்மா முதல் பாதியோடு நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். பல்லிக்குத்தான் காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கே? ஆயாவையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஆற்காடு டீச்சர்:
பரிகாரம் சரி. ஆனால் வீட்டில் இரண்டு விஷயம் கறாராக இருக்கட்டும். காய்ச்சல் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் சுற்றிப்போடுவது. வீசிங் இருக்கிற பிள்ளை பக்கத்தில் மிளகாய் புகை கூடவே கூடாது. "அப்பாவுக்கு ஆகும்" போன்ற பேச்சைப் பிள்ளை காதில் போடாதீர்கள் என்று அம்மாவிடம் நேராகவே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மற்றபடி கன்னத்தில் மை வைத்தால் வைக்கட்டும், கழுவினால் போய்விடும்.

காட்பாடிக்காரி:
சொன்னேன். "நான் எங்கடி சொன்னேன், அதுவா பயந்துக்கிச்சு" என்று ஒரு மூச்சு சண்டை. அப்புறம் அவரே பேத்தியை மடியில் உட்காரவைத்து, வெள்ளிப் பல்லியைத் தொட்டால் எல்லா தோஷமும் போச்சு என்றார். அன்றைக்கு அழாமல் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறோம். நாலரைக்கு ராகு காலமாம், அதற்குள் வீடு வந்து சேர வேண்டும் என்று ஆயாவும் பேத்தியும் சேர்ந்தே ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.