மொட்டை மாடில 16 பால் டப்பு

(எங்க ஃப்ளாட்ஸ் குரூப், ஞாயித்துக்கிழமை)

பால் வேலு, காலை 6:12
வணக்கம் சார் வணக்கம் மேடம். நேத்து சாயங்காலம் கேட்டு பக்கத்துல, பால் பாக்கெட்டு அடுக்கற பிளாஸ்டிக் டப்பு, காலி டப்பு 18 அடுக்கி வச்சிட்டு போனேன், காலைல வண்டி வந்து எடுத்துக்குவான்னு. இப்ப வந்து பாத்தா 2தான் இருக்கு. தேடுனா மிச்சம் பூரா மாடில கெடக்கு, அதுலயும் மூணு உடைஞ்சி போச்சி. காலி டப்ப எண்ணித்தான் வாங்குவாங்க, கொறைஞ்சா என் கமிஷன்ல புடிச்சிருவாங்க. யாருன்னு மட்டும் சொல்லுங்க

செகரட்டரி ராமநாதன், 6:40
அனைவரின் கவனத்திற்கு. மொட்டை மாடி சாவி நேற்று யாரிடம் இருந்தது? உடனடியாக தெரிவிக்கவும்.

மாலதி மாமி 1பி, 6:44
கார்த்தாலயே ஆரம்பிச்சாச்சா. நேத்து ஆறு மணி இருக்கும் மேல தடதடன்னு ஒரு சத்தம், நான் வாட்டர் டேங்க் மூடி பறந்துடுத்துன்னு நெனச்சிண்டு விளக்கேத்த போயிட்டேன்

செல்வி 2ஏ, 7:05
வேலு அண்ணா சாரிண்ணா. எங்க தருண்தான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆஸ்பத்திரில உக்காந்துட்டு வந்தோம், மணிக்கட்டு கிட்ட எலும்புல கிராக்காம், மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. டப்பு காசு நான் குடுத்துடறேன். எப்படிடா விழுந்தன்னு கேட்டா மில்க் கிரேட் மில்க் கிரேட்னே சொல்றான் எனக்கு ஒண்ணும் புரியல

கார்த்தி 3சி, 7:20
அக்கா அது ஒரு சேலஞ்ச்க்கா. 2021 ஆகஸ்ட்ல அமெரிக்கால டிக்டாக்ல பயங்கரமா ஓடுச்சு. பால் டப்ப கவுத்து படிக்கட்டு மாதிரி அடுக்கணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறி ஏழு உசரம் வரைக்கும் போயி அப்டியே அந்தப் பக்கம் எறங்கணும், கீழ விழக்கூடாது. முக்காவாசி பேரு நடுவுல போகும்போதே பொத்துன்னு விழுவாங்க, அத பாக்கத்தான் கூட்டமே. கொஞ்ச நாள்ல டிக்டாக்கே அந்த வீடியோவெல்லாம் தூக்கிடுச்சு

நூர்ஜஹான் 1ஏ, 7:24
நம்ம ஊர்லதான் டிக்டாக் 2020லயே தடை பண்ணியாச்சே தம்பி, இவனுக்கு எப்படி தெரியும்

கார்த்தி 3சி, 7:26
டிக்டாக் போன அடுத்த மாசமே ரீல்ஸ் வந்துடுச்சுல்லக்கா. பழைய வீடியோவ எவனாவது எடுத்து புது பாட்டு போட்டு விட்டுட்டே இருப்பான், பசங்களுக்கு அது நேத்து எடுத்த வீடியோ மாதிரிதான் தெரியும்

செகரட்டரி ராமநாதன், 7:30
இத்தகைய காணொளிகளை பிள்ளைகள் பார்க்காமல் பெற்றோர்தான் கண்காணிக்க வேண்டும். இனி மாடி பூட்டியே இருக்கும். துணி காயப்போடுபவர்கள் என்னிடம் சாவி பெற்றுக்கொள்ளவும்.

நூர்ஜஹான் 1ஏ, 7:33
சார் தப்பா எடுத்துக்காதீங்க, வியாழக்கிழமை ராத்திரி இதே குரூப்ல "சிரித்து மகிழுங்கள்"னு ஒரு வீடியோ ஃபார்வர்ட் பண்ணீங்களே, ஒரு ஆளு டப்பு மேலேர்ந்து விழற மாதிரி. மேல போயி பாருங்க இன்னும் இருக்கு. என் பையன் என் போன்லதான் பாத்தான், தருண் கூட பக்கத்துலதான் உக்காந்திருந்தான்

செகரட்டரி ராமநாதன், 7:41
அது எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன். உள்நோக்கம் எதுவும் இல்லை.

மாலதி மாமி 1பி, 7:42
😂😂

ஷாலினி 2சி, 8:02
செல்விக்கா, கைய தொங்க விடாம தலகாணி மேல வைங்க, வெரல அப்பப்போ அசைக்க சொல்லுங்க, வெரல் வீங்குனாலோ மரத்துப்போனாலோ உடனே திரும்ப கூட்டிட்டு போயிடணும். என் கிளினிக்குக்கு வர்ற மணிக்கட்டு கேஸ்ல பாதி இதுதாங்க, கீழ விழும்போது யாரா இருந்தாலும் தன்னால கைய ஊனுவோம், மொத்த வெயிட்டும் அங்க வந்து எறங்கும். அந்த வீடியோ வந்தப்போ அமெரிக்கால எலும்பு டாக்டருங்க மணிக்கட்டு, தோள்பட்டை, முட்டி ஜவ்வுன்னு வரிசையா சொல்லி கத்துனாங்க. மாடில நாலு உசரத்தோட நிறுத்துனான், அதுக்கே இப்டி

கார்த்தி 3சி, 8:06
அது வேணும்னு நிறுத்தல ஷாலு. நாலு உசரத்துக்கே 16 டப்பு வேணும், அவனுக்கு கெடைச்சது 18. ஏழுன்னா 49 வேணும்

செல்வி 2ஏ, 8:07
கணக்குல 31 மார்க்கு வாங்குன பையன் இதெல்லாம் மட்டும் கரெக்டா போடறான்

கார்த்தி 3சி, 8:15
அந்த சேலஞ்ச் ஓடுனப்ப கொரோனா வேற ஏறிட்டு இருந்த நேரம், அமெரிக்கால பால்டிமோர் ஊரு ஹெல்த் டிபார்ட்மெண்டு, ஏறுறதுக்கு முன்னாடி பக்கத்து ஆஸ்பத்திரில பெட்டு இருக்கான்னு கேட்டுக்கோங்கன்னு ட்வீட்டே போட்டாங்க. இன்னொண்ணு கேளுங்க, கோனன் ஓ'பிரையன்னு அங்க பெரிய டிவி காமெடியன், எஃப்டிஏ, அதான் அங்க சாப்பாடு, மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசாங்க ஆபீசு, அது அனுமதி குடுத்தாதான் நான் ஏறுவேன்னு நக்கலா எழுதுனாரு. அந்த எஃப்டிஏவே வந்து, பாலுக்கு நாங்கதான் பொறுப்பு ஆனா இத சிபாரிசு பண்ண முடியாது, ஒரு டம்ளர் பால குடிச்சிட்டு டப்ப எல்லாம் கடையில திருப்பி குடுங்கன்னு பதில் போட்டுச்சு

பால் வேலு, 8:19
அந்த ஆபீசரு நல்ல மனுசன் சார். டப்ப திருப்பி குடுக்க சொன்னாரு பாருங்க

பால் வேலு, 8:27
தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். டப்பு மேல டப்பு வச்சா விளிம்புல சரியா உக்காந்துக்கும் பாத்தா கல்லு மாதிரி நிக்கும், ஆனா பக்கத்து அடுக்குக்கும் இதுக்கும் ஒட்டு ஒறவே கெடையாது, ஒவ்வொண்ணும் தனித்தனி தூணு. உள்ள 24 பாக்கெட்டு இருந்தா கனத்துல நிக்கும், காலின்னா காத்தடிச்சாலே ஆடும். அதுல ஓரமா கால வச்சா அந்த தூணு மட்டும் சாயும், நானே வண்டில ஏத்தும்போது கயிறு போட்டு இழுத்து கட்டாம எடுக்க மாட்டேன், 22 வருசமா இந்த வேல பாக்கறேன் இன்னிக்கு வரைக்கும் அது மேல ஏறுனதில்ல

வெங்கடேசன் மாமா 1பி, 8:40
என்னமோ உலகத்துல இல்லாததை பண்ணிட்ட மாதிரி குழந்தைய எல்லாரும் வறுத்தெடுக்கறேள். நாங்க அந்த வயசுல மோட்டார் ரூம் கூரைலேர்ந்து கிணத்துல குதிச்சோம். வழுக்கு மரம் ஏறினோம். யார் கேட்டா

ஷாலினி 2சி, 8:44
மாமா வழுக்கு மரத்த சுத்தி ஊரே நின்னுச்சு, விழுந்தா புடிக்க நாலு பேரு இருந்தாங்க. இங்க சுத்தி நின்னவன்லாம் கைல போன புடிச்சிட்டு நின்னா யாரு புடிக்கறது

நூர்ஜஹான் 1ஏ, 8:46
ஆமா, யாரு வீடியோ எடுத்தா? என் பையன் கைல போனே குடுக்கல நான்

மாலதி மாமி 1பி, 8:47
ஏன்னா நேத்து ஆறு மணிக்கு வாக்கிங் போறேன்னு மாடிக்குத்தானே போனேள்

மாலதி மாமி 1பி, 8:52
பதில் சொல்லுங்கோ. பக்கத்து ரூம்லதான் இருக்கார், டைப்பிங் டைப்பிங்னு காட்றது

வெங்கடேசன் மாமா 1பி, 8:58
தாத்தா ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சினான். பசங்க ஆசையா கேட்டா எப்டி மாட்டேன்னு சொல்றது. நான் போனை பிடிச்சுண்டு நின்னேன் அவ்ளோதான், அப்புறம் அவன் போனுக்கு அனுப்பினேன்

கார்த்தி 3சி, 9:03
தருண் அத ரீல்ஸ்ல போட்டுட்டான், 9 செகண்டு. டப்பு சாயற எடத்துல கட் பண்ணி சிரிப்பு சத்தம் சேத்திருக்கான், பதினோராயிரம் பேரு பாத்தாச்சு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லல

வெங்கடேசன் மாமா 1பி, 9:10
[வீடியோ 4:10]

வெங்கடேசன் மாமா 1பி, 9:11
இதுதான் ஒரிஜினல். நிறுத்த தெரியல அதான் நீளமா இருக்கு

நூர்ஜஹான் 1ஏ, 9:19
யா அல்லா

ஷாலினி 2சி, 9:22
பாத்தேன். அந்த 9 செகண்டுக்கு அப்புறம் மூணே முக்கால் நிமிஷத்துக்கு மேல மாமாவோட செருப்பும் சிமெண்டு தரையும் மட்டும்தான் தெரியுது. மொதல்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அப்புறம் ஒருத்தன் டேய் எந்திரிடாங்கறான். அப்புறம் யாரும் சிரிக்கல

செல்வி 2ஏ, 9:30
அம்மாட்ட சொல்லாதீங்கடான்னு சொல்றான். அழுவாம சொல்றான். அத ரெண்டு தடவ கேட்டேன், மூணாவது தடவ கேக்க முடியல

மாலதி மாமி 1பி, 9:34
கடைசில நம்மாத்து மனுஷர், இதை எப்டிடா ஆஃப் பண்றதுன்னு அந்த அடிபட்ட குழந்தையப் பாத்தே கேக்கறார் செல்வி. நான் என்னத்தை சொல்ல. மத்தியானம் ரசம் பண்ணி எடுத்துண்டு வரேன்

கார்த்தி 3சி, 9:41
தருண் அந்த ரீல எடுத்துட்டான்க்கா. நான் சொல்லல, அவனே

செகரட்டரி ராமநாதன், 9:50
வியாழன் அன்று அனுப்பியதை அழிக்க முயன்றேன். எல்லோருக்கும் அழிக்கும் வசதி வரவில்லை. கார்த்தி, முடிந்தால் வீட்டுக்கு வரவும்.

பால் வேலு, 10:15
மேடம் கைப்பிடி போனத கம்பி கட்டி சரி பண்ணிட்டேன், ரெண்டு டப்புக்கு மட்டும் குடுத்தா போதும். நாளைலேர்ந்து உங்க வீட்டுக்கு ஒரு பாக்கெட்டு சேத்து போடட்டா

செல்வி 2ஏ, 10:17
போடுங்கண்ணா. அரை லிட்டர் பச்சை