ஈஸ்ட் பெங்கால் அணியின் 2003 ஆசியான் கோப்பையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: 2003இல் ஜகார்த்தாவில் கொல்கத்தா கால்பந்துக் கிளப்பான ஈஸ்ட் பெங்கால் வென்ற ஆசியான் கிளப் கோப்பையை இந்தியக் கிளப் ஒன்றின் மிகப் பெரிய வெளிநாட்டு வெற்றியாகக் கொள்ளலாமா, அல்லது 2016இல் பெங்களூரு எஃப்சி, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏஎஃப்சி) நடத்திய ஏஎஃப்சி கோப்பையின் இறுதிப்போட்டி வரை சென்றதே அதைவிடப் பெரிதா?

பதில் 1: கோப்பை கோப்பைதான். சுபாஷ் பௌமிக் பயிற்றுவித்த அந்த அணி, பைச்சுங் பூட்டியா ஒருவரே ஆறு கோல்கள் அடித்த ஆட்டத்தில் பிலிப்பைன் ஆர்மியை வீழ்த்தி, அரையிறுதியில் இந்தோனேசியாவின் பெட்ரோகிமியா புத்ராவைப் பெனால்டி முறையில் கடந்து, இறுதியில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை 3-1 என்று வென்றது. மைக் ஒகோரோ, பூட்டியா, அல்விட்டோ டி'குன்ஹா ஆகியோர் ஆளுக்கொரு கோல் அடித்தனர்.

பதில் 2: அந்த வெற்றியைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அது தென்கிழக்கு ஆசியக் கிளப்புகளுக்கான போட்டி, ஈஸ்ட் பெங்கால் அதில் விருந்தினர் அணி. பெங்களூருவோ நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் தாருல் தக்சிமை அரையிறுதியில் மொத்தம் 4-2 என்று வெளியேற்றிவிட்டு, தோஹாவில் ஈராக்கின் அல் குவா அல் ஜவியாவிடம் 1-0 என்றுதான் தோற்றது.

பதில் 3: ஈஸ்ட் பெங்காலை ஒரே கோப்பையை வைத்து எடைபோடுவது சரியல்ல. 1993இல் ஈராக்கின் அல் சவ்ராவை 6-2 என்று வென்றபோது கார்ல்டன் சாப்மன் ஹாட்ரிக் அடித்தார். என் கணக்கில் ஜகார்த்தாவைவிட அதுவே வியப்பு. 2013 ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியிலோ குவைத் எஸ்சியிடம் இரு ஆட்டங்களிலும் தோற்றது.