ஏற்காட்டுச் சுத்தியல்தலைப் புழு: முதுகுக் கோட்டை வெச்சே பேர் சொல்லிடலாமா?

மிளகுக்கொடி:
நாகலூர் பக்கம் எங்க காபித் தோட்டம். நாற்றுப் பைகளை நகர்த்துனப்ப அடியில ஒரு புழு. ஒரு சாண் நீளம், உடம்பு ஒல்லி, தலை மட்டும் அரைவட்டமா அகலம். பழுப்பு முதுகுல அஞ்சு கருங்கோடு. மண்புழு ஒண்ணைச் சுத்திப் பிடிச்சிருந்துச்சு. வயித்து நடுவுல இருந்து வெள்ளைச் சவ்வு ஒண்ணு வெளிய வந்து மண்புழு மேல படர்ந்திருந்தது. ரெண்டாவது படம் வேற புழு. மேட்டுல, மக்கிக் கிடந்த மரத்தடியில கிடைச்சது. தலை அதே மாதிரி, ஆனா உடம்பு கரும்பழுப்பு, நடு முதுகுல ஒரே கோடு. வேலைக்கு வர்றவங்க ரெண்டுக்கும் உப்புப் போடச் சொல்றாங்க. போடலாமா?

மலைக்காத்து:
போடுங்க அக்கா, யோசிக்கவே வேண்டாம். இது கியூ புழு, பைபாலியம் கெவென்ஸி. லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டுல கிடைச்சதை வெச்சு 1878-ல மோஸ்லிங்கற விலங்கியலாளர் பேர் வெச்சார். வியட்நாம், கம்போடியா பக்கத்துல இருந்து தொட்டி மண்ணோட உலகம் பூரா பரவினது. மண்புழுதான் இதுக்குச் சாப்பாடு. ரெண்டாவதும் அதே கும்பல்தான், தலையே சொல்லுதே.

சேலம் வாத்தியார்:
முதல் படத்துக்கு நீங்க சொல்ற பேர் பொருந்துது. அஞ்சு கோடு, கழுத்துல நடுவுல அறுந்த கருப்புப் பட்டை, எல்லாம் சரி. ரெண்டாவதை அதே கணக்குல சேர்க்கறதை என்னால ஒத்துக்க முடியாது. சுத்தியல்தலைங்கறது ஒரு துணைக்குடும்பத்துக்கே பொது. அந்தத் துணைக்குடும்பத்துக்குச் சொந்த வீடே நம்ம ஆசியாவும் மடகாஸ்கரும்தான். 1862-லயே ஹம்பர்ட்ங்கற விலங்கியலாளர் இலங்கையில இருந்து டயானா, புரோசெர்பினான்னு இனங்களை எழுதியிருக்கார். மோஸ்லியும் கியூ புழுவுக்கு முன்னாடியே, 1874-ல, இலங்கைப் புழுக்களோட உள்ளுறுப்பை விரிவா எழுதினவர். நீலகிரியில தொட்டபெட்டா பேரையே தாங்கின இனம் ஒண்ணு இருக்கு. சேர்வராயன் மலையில ஒரு கட்டைக்கு அடியில கிடைச்சதை எப்படி அந்நியன்னு ஒரே வரியில முடிக்கிறீங்க?

பேரினம், அதாவது நெருங்கின இனங்களைச் சேர்த்து வைக்கற கூட்டம், எதுன்னு முதுகு சொல்லாது, வயித்துக்குள்ளதான் தெரியும். இது ஒரே உடம்புல ஆண், பெண் ரெண்டும் உள்ள உயிரி. வாய்க்குப் பின்னாடி இனப்பெருக்கத் துளை. அந்த இடத்தை மெழுகுல பதிச்சு, மெல்லிசாச் சீவி, சாயம் ஏத்தி நுண்ணோக்கியில பார்க்கணும். நல்லா வளர்ந்த ஆண்குறி முளை நிரந்தரமா இருந்தா பைபாலியம். அது இல்லாம மடிப்புகள் அந்த வேலையைச் செஞ்சா நோவிபைபாலியம். முட்டைக்குழாய் பெண் அறையோட முன்பக்கமா வந்து சேர்ந்தா ஹம்பர்ட்டியம். இதையெல்லாம் பார்க்க முடியாத இனங்களைப் போட்டு வைக்கற பைதான் டைவர்சிபைபாலியம்.

ஈரமண்:
ஐயா, சீவிப் பார்க்கலாம், ஆனா உறுப்பு இருந்தாத்தானே? கெவென்ஸி வால் நுனியை அறுத்துப் போட்டே பெருகுது. அறுந்த துண்டு சில நாள்ல தலை வளர்த்துக்குது. போய்ச் சேர்ந்த நாடுகள்ல முதிர்ந்த இனப்பெருக்க உறுப்போட கிடைக்கறது அபூர்வம். அப்ப உங்க முறைப்படி அதுக்குப் பேரே வைக்க முடியாது. மரபணுவுக்கு ஒரு சின்னத் துண்டு போதும். கண்ணும் தலையும் பார்த்துப் பிரிச்ச பழைய குடும்பங்களும் நிக்கலை: பைபாலிடே, ரைங்கோடெமிடே, ஜியோபிளானிடேன்னு மூணா இருந்ததை 2009-ல ஒரே ஜியோபிளானிடே ஆக்கிட்டாங்க. 2022-ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கற மயோட் தீவுப் புழுவுக்கு இனப்பெருக்க உறுப்பே தெரியாத நிலையில, மரபணுவை வெச்சு மயோட்டென்சிஸ்னு பேர் வெச்சாங்க. சுத்தியல்தலைக் கூட்டத்துல மத்த எல்லாத்துக்கும் முன்னாடி பிரிஞ்ச கிளை அதுன்னு காட்டினதும் மரபணுதான்.

சேலம் வாத்தியார்:
தம்பி, அந்த மயோட்டென்சிஸ் எந்தப் பேரினத்துல இருக்கு? டைவர்சிபைபாலியத்துல. உறுப்பைப் பார்க்காததால நான் சொன்ன அதே பையிலதான் போட்டிருக்காங்க. அதே கட்டுரையில ஹம்பர்ட்டியம் கோவிடம்னு வெச்ச இன்னொண்ணுக்கு உடம்பைச் சீவியும் பார்த்தாங்க.

அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கு. உங்க மரபணு வரிசையை எதோட ஒப்பிடுவீங்க? இங்கயும் இலங்கையிலயும் நூறு வருஷத்துக்கு முன்னாடி பேர் வெச்ச பல இனங்கள் கண்ணாடிப் புட்டியில சுருங்கிக் கிடக்கு. ஒப்பிட மரபணு வரிசை இல்லை. பொருந்தலைன்னதும் புது இனம்னு அறிவிச்சீங்கன்னா, பழைய பேர் உள்ள புழுவுக்கே ரெண்டாம் பேர் வெச்ச மாதிரி ஆகும்.

ஈரமண்:
அதுக்குத்தான் அதே மலையில போய்த் திரும்பவும் பிடிக்கணும்ங்கறேன். புட்டிக்குள்ள தேடி என்ன பண்றது? வரிசை இல்லைன்னா இன்னைக்குத்தான் எடுக்க ஆரம்பிக்கணும்.

மலைக்காத்து:
நீங்க பேர் தேடறதுக்குள்ள தோட்டத்துல மண்புழு இருக்காது. விஷம் வேற. பஃபர் மீன்ல இருக்கற டெட்ரோடோடாக்சின் இந்தப் புழுவுல இருக்குன்னு 2014-ல கண்டுபிடிச்சாங்க.

சேலம் வாத்தியார்:
கண்டுபிடிச்சது ரெண்டு இனத்துல: கெவென்ஸி, அட்வென்டிஷியம். எல்லாச் சுத்தியல்தலையிலயும்னு எழுதாதீங்க. எல்லாமே மண்புழு தின்னுதுன்னும் சொல்ல முடியாது, கோவிடம் குடலுக்குள்ள கிடைச்சது நத்தை.

மிளகுக்கொடி:
நாற்றுப் பையில இருந்ததை உப்புல போட்டாச்சு. மண்வெட்டியால வெட்டவும் செஞ்சாங்க, அதை நிறுத்தச் சொல்லிட்டேன். மரத்தடியில இருந்ததைத் தொடலை, ஈரத் துணி போட்ட டப்பாவுல உயிரோட இருக்கு. இதுக்கு இப்ப என்ன செய்யணும்?

ஈரமண்:
ரொம்ப நல்லது அக்கா. முதல்ல உயிரோட இருக்கும்போதே தலை, முதுகு, அடிப்பக்கம் மூணையும் அளவுகோல் வெச்சுப் படம் எடுங்க. தொட்டதும் தலையைச் சுருக்கிக்கும், அதனால ஊர்ந்து போகும்போதே எடுங்க. கொதிக்கக் காய்ச்சின தண்ணியில போட்டா நீளமாவே நிக்கும். அப்புறம் அடர் எத்தனால். நேரா சாராயத்துல போட்டா முறுக்கிக்கும். கையுறை போட்டுக்குங்க.

சேலம் வாத்தியார்:
முழுசையும் எத்தனால்ல போட்டுடாதீங்கம்மா. தலைக்குக் கொஞ்சம் பின்னாடி ஓரத்துல இருந்து அரிசி அளவு துண்டு மட்டும் தம்பிக்கு. வாய் இருக்கற இடத்துல இருந்து பின்பக்கம் முழுக்க, அழுகாம வைக்கற ஃபார்மலின் திரவத்துல வைங்க. அந்தப் பகுதியில கத்தி பட்டா அப்புறம் பேரினம் சொல்ல வழியில்லை.

மலைக்காத்து:
என் கருத்து மாறலை, தொட்டிப் பக்கம் வர்றது எதுவானாலும் கொல்லணும்.

மிளகுக்கொடி:
நாற்றங்கால்ல அஞ்சு கோட்டுப் புழுவுக்கு மட்டும்தான் உப்பு. மேட்டுல மரத்தடியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஃபார்மலின் சேலத்துல சாதாரண மருந்துக் கடையில தருவாங்களா, இல்ல கல்லூரியில கேட்டு வாங்கணுமா சார்?