நான்காவது ஞாயிறோடு முறிந்த அலைபேசி விரதம்: எப்படித் தொடர்வது?

வைகைக்கரை:
நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, மூன்று வாரங்கள் கடைப்பிடித்தோம். முதல் வாரம் முணுமுணுத்த பிள்ளைகள், இரண்டாம் வாரம் தாங்களாகவே தாயக்கட்டையைத் தேடி எடுத்தார்கள். நான்காவது ஞாயிறு, காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்ப அலைபேசியைத் திறந்த நான், அப்படியே பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குள் போய், அங்கிருந்து காணொளிகளுக்குள் மூழ்கி அரை மணி நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது, சின்ன மகள் எதிரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஊரில் மாமியார் தனியாக இருப்பதால் அலைபேசியை அணைத்து வைக்கவும் வழியில்லை. இதே சிக்கலைக் கடந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நொய்யல்:
சகோதரி, முழு நாளைவிட நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரம் நிலைக்கும் என்பது என் அனுபவம். மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊரில், 2022 முதல் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து மின்சங்கு (சைரன்) ஒலிக்கிறது. அப்போது அலைபேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கிவைப்பவர்கள் 8.30 மணிக்கு அடுத்த சங்கு ஒலித்த பிறகே மீண்டும் எடுக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகக் கைக்கு வந்த அலைபேசியைப் பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் விடவில்லை என்பதால் ஊரே சேர்ந்து எடுத்த முடிவு அது. பக்கத்து வீட்டிலும் திரை அணைந்திருக்கும்போது எதையோ இழக்கிறோம் என்ற ஏக்கம் பிள்ளைக்கு வருவதில்லை. ஆலைச் சங்கு கேட்டு உலை வைத்த கோவைக்காரர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று. எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகள் சேர்ந்து இரவு 7.30 முதல் 9 வரை இதைப் பின்பற்றுகிறோம்.

விழித்திரை:
கண் பரிசோதகராக ஒன்று சொல்கிறேன். விரத நாளில் காக்கும் கண்ணை மற்ற ஆறு நாளும் வருத்தக் கூடாது. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைவதால்தான் கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 நொடிகள் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு தரும். பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமானது பகல் வெளிச்சம். வெளியில் விளையாடும் நேரம் கூடினால் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையில் தாயக்கட்டையோடு பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய முகவரி:
நொய்யல் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மூன்று வாரம் நடத்திக் காட்டிய முழு நாளை இவர் கைவிட வேண்டியதில்லை. உங்களை இழுத்தது பணம் செலுத்தும் தேவைதான் அம்மா. சனிக்கிழமையே சில்லறை மாற்றி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அலைபேசியில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பை இயக்கி, மாமியாரின் எண்ணுக்கு மட்டும் விலக்கு அளித்தால் அவர் அழைப்பு மட்டும் ஒலிக்கும். மற்றபடி, முன்பு தரைவழித் தொலைபேசி கூடத்தில் ஓர் இடத்தில் இருந்ததுபோல, அதைச் சுவரோரம் மேசையில் வைத்து, அழைப்பு வந்தால் எழுந்து போய் நின்றுகொண்டே பேசுங்கள். உட்கார்ந்தால்தான் விரல் அடுத்ததைத் தேடுகிறது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு மேசை, சில்லறை இரண்டையும் செய்துபார்க்கிறேன். மாமியாரிடம் இன்றே சொல்லிவிட்டேன். பேத்தியோடு பேச மாலை 5 மணிக்கு அழைப்பதாக அவரே நேரம் குறித்திருக்கிறார்.