மறு: ‘கன்ட்ரி’க்குக் கலைச்சொல் – ‘நாட்டுப்புற இசை’ வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்.

‘கன்ட்ரி’ என்கிற அமெரிக்க இசை வகையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற ஆறிப்போன இழையை மறுபடி கிளறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் என் அம்மா.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் இணைய வானொலிச் செயலியின் சோதனைப் பதிப்பை அம்மாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். ‘நாட்டுப்புற இசை’ பொத்தானைத் தட்டிவிட்டுத் தெம்மாங்குக்குக் காத்திருந்தார். வந்தது கிதார். பின்னாலேயே ஒருவர் மூக்கால் இழுத்துத் தன் வண்டியைப் பற்றிப் பாட ஆரம்பித்தார். “யார்றா இவன், நம்ம பக்கத்து ஆள் மாதிரி இல்லையே” என்றார் அம்மா. வாங்கிப் பார்த்தால், பட்டியலில் நாலு வரி தள்ளி இன்னொரு ‘நாட்டுப்புற இசை’. ‘ஃபோக்’, ‘கன்ட்ரி’ இரண்டுக்கும் ஒரே பெயர். தப்பு என்னுடையதுதான். ஒன்றை ஒரு ராத்திரியும் மற்றதை இன்னொரு ராத்திரியும் மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஃபோக்குக்கு ‘நாட்டுப்புற இசை’ நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டாம். கன்ட்ரிக்கு என்ன செய்வது? இழையில் முன்பு ஒருவர் எழுதியது இது:

> கிராமிய இசை என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போகலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ‘கிராமிய’ என்று பெயர் வைத்தால் அமெரிக்காவில் ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையில் நாமும் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டதாகிவிடும். ஃபிடிலும் (வயலின்தான், ஆனால் ஊர்ப்புற நடையில் வாசிப்பது) ஸ்டீல் கிதாரும் (கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிப்பது) இல்லாத பாட்டு கன்ட்ரியே இல்லை என்பது ஒரு கட்சி. வானொலியில் இப்போது ஓடுவது ராப் நடை கலந்த பாப், அதற்குத் தொப்பி மட்டும் மாட்டியிருக்கிறார்கள் என்று இவர்கள் குமுறுவார்கள். பாட்டனார் கேட்ட பாட்டையே போட்டுக்கொண்டிருந்தால் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது மறுகட்சி.

2025 பிப்ரவரியில் பியான்சேவின் ஆல்பத்துக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்று கிராமி விருது கொடுத்தார்கள். அதே ஜூனில் அந்த விருதையே இரண்டாகப் பிரித்து, மரபு கன்ட்ரிக்கு ஒன்று, சமகால கன்ட்ரிக்கு ஒன்று என்று அறிவித்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்தே ஆகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற ஒரு குடும்பப்பெயர்தான் நமக்கு வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ‘கன்ட்ரி’ என்பதே பாடியவர்கள் தாமாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1925இல் நியூயார்க்கில் ஒலிப்பதிவுக்கு வந்த ஒரு குழுவுக்கு ‘ஹில் பில்லீஸ்’ என்று பெயர் விழுந்து, அந்த வகை இசைக்கே அது பெயராகிவிட்டது. நம் ‘பட்டிக்காட்டான்’ போல ஒரு வசைச்சொல். (கன்ட்ரியும் நம்மிடம் வந்து வசையாகத்தானே நின்றது? ‘கண்ட்ரி ஃப்ரூட்’ என்று திட்டு வாங்காதவர்கள் கையைத் தூக்குங்கள்.) 1944இல் பில்போர்டு இதழ் ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் பெட்டி) பட்டியல் போட்டபோது இதை ‘ஃபோக்’ என்றது. 1949இல் ‘கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்’ ஆனது. 1962இல் வெஸ்டர்னைக் கழற்றிவிட்டார்கள். அதாவது கடைக்காரர் சரக்கை அடுக்குவதற்கு ஒட்டிய சீட்டு இது.

ஊர்மணம் என்கிறோமே, அதிலும் பாதி வானொலி பூசியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தை நடத்தியது ஒரு காப்பீட்டு நிறுவனம். ‘வீ ஷீல்ட் மில்லியன்ஸ்’ (லட்சோப லட்சம் பேரைக் காக்கிறோம்) என்ற அவர்கள் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தாம் நிலையத்தின் பெயர். 1925 நவம்பர் 28 இரவு எழுபது வயது தாண்டிய ஃபிடில்காரர் ஒருவரை ஒலிவாங்கி முன் உட்காரவைத்து ஆரம்பித்த நிகழ்ச்சி, 1927இல் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று பெயர் பெற்றது. அதற்கு முன்னால் ஒலிபரப்பான செவ்வியல் இசை நிகழ்ச்சியின் ‘கிராண்ட் ஆப்ரா’வைக் கிண்டலடித்து நடத்துநர் ஜார்ஜ் ஹே வைத்த பெயர் அது. அங்கே வாசித்த ஹம்ஃப்ரி பேட் என்பவர் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர். கோட்டும் டையுமாக வருகிற ஆள். அவருடைய குழுவுக்கு ‘பாசம் வேட்டைக்காரர்கள்’ என்று பெயர் சூட்டி (பாசம் என்பது அங்குள்ள ஒரு பைம்மா விலங்கு, அன்பு இல்லை), உழவர் உடுப்பு மாட்டிப் படம் பிடித்து விளம்பரம் செய்தார் ஹே. மரபு மரபு என்று இன்று எதைக் கும்பிடுகிறார்களோ, அதற்கே அன்று வேஷம் கட்டித்தான் மேடை ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: நாட்டுப்பாணி இசை. பொத்தானில் ‘நாட்டுப்பாணி’ போதும், இடம் பற்றும்.

‘பாணி’ என்றால் ஒரு நடை, ஒரு தினுசு. கிராமத்திலிருந்து வந்தது என்று அது சத்தியம் செய்யாது. நாட்டுப்பாணியில் பாட டென்னசியில் பிறந்திருக்க வேண்டியதில்லை. 1974இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அந்த ஆண்டின் சிறந்த பாடகி விருதை ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். பழைய ஆட்கள் கொதித்துப்போய், ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் என்ற பாடகத் தம்பதியின் வீட்டில் கூடித் தனிச்சங்கமே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, விருது வென்ற பாப் சாயல் பாடகர் ஜான் டென்வர் பெயர் எழுதியிருந்த தாளை, அறிவிக்க வந்த பாடகர் சார்லி ரிச் மேடையிலேயே லைட்டரால் கொளுத்தினார். வேடிக்கை என்னவென்றால், வயலின் கூட்டமும் குழைவுமாகப் பாடிப் பாப் பட்டியலில் ஏறியவர்தான் சார்லி ரிச்சும். யார் மரபு, யார் புதுசு என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியுமா? கலைச்சொல் அந்தப் பஞ்சாயத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

‘நாட்டிசை’ பற்றி முன்பே பேசினோம். அழகாக இருக்கிறது, ஆனால் கேட்பவருக்குத் தேசிய கீதம்தான் நினைவுக்கு வரும். ‘ஊரக இசை’ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுக்க நிற்கிற மாதிரி இருக்கிறது. விடுங்கள்.

— செயலிக்குழு சார்பில்

———

மறு: மறு: ‘கன்ட்ரி’க்குக் கலைச்சொல்
கொழும்பிலிருந்து

தம்பிக்கு,

அம்மாவின் கதை வாசித்துச் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேணும். எங்களுக்குக் கன்ட்ரி என்றால் ஜிம் றீவ்ஸ்தான். நத்தார் (கிறிஸ்மஸ்) காலத்தில் அப்பா றேடியோவைத் திருப்பினால் அந்தக் குரல்தான் வரும். வீட்டில் இங்கிலீஷ் தெரியாத அப்பாச்சியும் சேர்ந்து முணுமுணுப்பா. ஆகவே செயலிப் பட்டியலில் தனித்தனியாக நிற்கும் ‘பழைய கன்ட்ரி’, ‘மரபு கன்ட்ரி’ இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இரண்டு சொல் எதற்கு?

‘பாணி’யிலும் எனக்குக் கொஞ்சம் நெருடல். ‘ரஜினி பாணி’ என்று சொல்கிற மாதிரி, போலி என்ற தொனி வராதா? மனம் உருகிப் பாடுகிறவனுக்கு அது அவமரியாதை.

———

மறு: மறு: மறு: ‘கன்ட்ரி’க்குக் கலைச்சொல்

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் ஜிம் ரீவ்ஸைக் கொண்டுவந்தது என் வாதத்துக்குப் பால் வார்த்தமாதிரி ஆயிற்று. நமக்கு அவர் பழையவர். 1964இல் விமான விபத்தில் போய்விட்டார். ஆனால் அவர் நாளில் அவர்தான் புதுசு. 1950களின் நடுவில் ராக் அண்டு ரோல் வந்து கன்ட்ரி வியாபாரம் படுத்துவிட்டது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் ஓரங்கட்டிவிட்டு, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்தார்கள். நகரத்துக்காரரும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஜிம் ரீவ்ஸும் உரக்கப் பாடுவதை விட்டு ஒலிவாங்கிக்கு உதடு படும் அளவு நெருங்கி, காதோடு பேசுவதுபோலப் பாட ஆரம்பித்தார். அதற்கு ‘நாஷ்வில் ஒலி’ என்று பெயர். அந்த ஒலி எது என்று கேட்டவர்களிடம் அட்கின்ஸ் பாக்கெட்டில் இருந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. சில்லறை வரத்தான் செய்தது. முழுநேரமும் கன்ட்ரி ஒலிபரப்பிய நிலையங்கள் 1961இல் 81தான் இருந்தன, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அறுநூறைத் தாண்டின.

ஆக ஜிம் ரீவ்ஸ் பழசு, மரபு அல்ல. எதிர்ப்பக்கம் பாருங்கள். 2024இல் முதல் கன்ட்ரி ஆல்பம் போட்ட ஸாக் டாப் இளைஞர், பாட்டோ அசல் மரபு. 1980களில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ராண்டி டிராவிஸ் போன்றவர்கள் ஃபிடிலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தபோது அதுவே அன்றைய புதுசு. ‘பழைய’ என்பது காலத்தைச் சொல்லும், ‘மரபு’ என்பது முறையைச் சொல்லும். வானொலிக்காரர்களின் ‘கிளாசிக் கன்ட்ரி’ நகர்ந்துகொண்டே இருக்கிற அளவுகோல். 1990களில் கார்த் புரூக்ஸ் பாட்டு வந்தபோது இது ராக் கச்சேரி என்று புலம்பினார்கள். இன்று அதே பாட்டு கிளாசிக் நிலையத்தில் ஓடுகிறது. ஆகவே கிளாசிக்குக்குப் ‘பழைய நாட்டுப்பாணி’, டிரடிஷனலுக்கு ‘மரபு நாட்டுப்பாணி’, கன்டெம்பரரிக்குச் ‘சமகால நாட்டுப்பாணி’, ராண்டி டிராவிஸ் வகைக்குப் ‘புதுமரபு’. நான்கும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

பாணி போலியா என்று கேட்டீர்கள். நாகசுரத்தில் திருவாவடுதுறைப் பாணி என்கிறோம், அது போலியா? பழந்தமிழில் பாணிக்குப் பாட்டு என்றும் தாளம் என்றும் பொருள் உண்டு. அந்த வேரும் நமக்குச் சாதகமே. உருகிப் பாடுகிறவரை அது குறைத்துக் காட்டாது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 1999 விருது விழாவில் ஜார்ஜ் ஜோன்ஸை முழுப்பாட்டும் பாட விடாமல் சுருக்கச் சொன்னார்கள், அவர் வர மறுத்துவிட்டார். இன்னொரு பாடகர் ஆலன் ஜாக்சன் மேடையில் தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜோன்ஸின் பாட்டைப் பாடி முடித்து நேரே வெளியே நடந்துவிட்டார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அவரைப் போலி என்று சொல்ல எனக்கு நா எழாது.

போகிற போக்கில் இன்னொரு சொல். 2013இல் இதழாளர் ஜோடி ரோசன் ‘புரோ-கன்ட்ரி’ (‘புரோ’ என்பது பிரதரின் சுருக்கம், நம் மச்சான் போல) என்று ஒரு பெயர் வைத்தார். டிரக், பீர், ஆற்றங்கரை இரவு, ஜீன்ஸ் போட்ட பெண் என்று ஆண்பிள்ளைகள் மாறி மாறிப் பாடிய பாட்டுகளுக்கு. இதற்கு மச்சான்பாணி என்று போடலாமா? சிரிக்காதீர்கள், மூலத்திலும் அது கேலிப்பெயர்தான், கேலி தொலையாமல் மொழிபெயர்ப்பதுதான் நேர்மை. இந்தப் பாட்டுகளே மணிக்கு மணி ஓடிய காலத்தில் ஒரு வானொலி ஆலோசகர் (2015), கன்ட்ரி நிலையம் ஒரு சாலட், ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் தக்காளி, தக்காளியை அளவாகப் போடுங்கள் என்று உபதேசம் செய்தார். பெண் பாடகர்கள் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். நேயர் விருப்பம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பங்கு ஒலிபரப்புவோர் விருப்பம் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டாம். அதனால் எந்தப் பாட்டு எவ்வளவு அடிக்கடி ஓடும் என்பதற்கு வானொலிக்காரர்கள் சொல்லும் ‘ரொட்டேஷன்’ என்பதைச் ‘சுழற்சி’ என்று விடாமல் ஒலிபரப்புச் சுற்று என்று போடலாம். சுற்றிவிடுகிற கை ஒன்று இருப்பது அதில் தெரிகிறது.

மிச்சம் ஒன்றே ஒன்று: ‘டுவாங்’. அந்தக் கம்பி அதிர்வுக்கும் மூக்குக்குரலுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் சொல். மரபுக் கட்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் வில் நாண் அதிர்கிற ஓசைக்கு வந்த சொல் என்பதால், கம்பிக்கு நாணொலி என்று நம் பழைய சொல்லையே கொடுத்துவிடலாம். குரலுக்கு அது ஒட்டவில்லை. ‘மூக்கொலி’ என்றால் இலக்கணத்தில் மெல்லெழுத்து வந்து நிற்கிறது. அம்மாவிடம் கேட்டேன். “சளி பிடிச்ச மாதிரி இழுக்கிறான், அதுக்கு என்ன பேரு வைக்கிறது” என்கிறார். பெடல் ஸ்டீல் கிதாரின் வழுக்கலைக் கேட்கவைத்தபோது மட்டும் “இது கோட்டுவாத்தியமா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் பக்கத்தில் மூக்கால் இழுத்துப் பாடுவதற்கு வட்டாரச் சொல் ஏதேனும் இருந்தால் அனுப்புங்கள். வரும் ஞாயிறு ராத்திரி கோப்பை மூடுகிறேன். அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.