புதுப்பிப்பு: 5 − (−3) எப்படி 8 ஆனது?

குன்னூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்குக் குறை எண்களைக் கழிப்பதை எப்படிப் புரியவைப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மனப்பாடம் செய்து, −5 − 3 கணக்குக்கும் 8 என்றே விடை எழுதிக்கொண்டிருந்தாள். கூட்டல் நேர்மாறிலிருந்து, அதாவது ஓர் எண்ணோடு கூட்டினால் பூஜ்யம் தரும் எண்ணிலிருந்து, தொடங்கச் சொன்னீர்கள். நல்ல யோசனை, பலித்துவிட்டது.

விதியை நான் முதலில் சொல்லவில்லை. "−3 உடன் எதைக் கூட்டினால் 5 வரும்?" என்றுதான் கேட்டேன். கழித்தல் என்பதே இந்தக் கேள்விதானே! 3ஐக் கூட்டினால் பூஜ்யம், ஏனென்றால் −3 இன் நேர்மாறு 3. அங்கிருந்து இன்னும் 5. மொத்தம் 8. ஆக 5 − (−3) என்பதும் 5 + 3 என்பதும் ஒன்றே.

அப்புறம் ஜனவரி உறைபனி கைகொடுத்தது. ஊட்டி அருகே தலைகுந்தாவில் விடியற்காலை −2 டிகிரி, மதியம் 15 என்று வைத்துக்கொண்டோம். எவ்வளவு ஏறியது? பூஜ்யம் வரை 2, அதற்கு மேல் 15. "அப்போ 15 − (−2) = 17, சித்தி!" என்று அவளே சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. −4 − (−7) கணக்கில் முதல் எண்ணின் குறியையும் மாற்றிவிட்டாள். கழிபடும் எண்ணுக்கு மட்டும்தான் நேர்மாறு, முதல் எண் அப்படியே நிற்கும்: −4 + 7 = 3. பழைய −5 − 3 இப்போது −5 + (−3), அதாவது −8.

மனப்பாட வாக்கியம் பெருக்கலுக்கு உரியது. கழித்தலில் அதைச் சொல்லித்தராதீர்கள். அடுத்து பெருக்கல்தான். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதையும் நேர்மாறு வழியாகவே விளக்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.